மூலை வீட்டுக்கு இரண்டு பக்கமும் பில்: தெருச் செலவையும் சாக்கடைச் செலவையும் எப்படிப் பிரிப்பது?

மூலைவீட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நகராட்சியிலிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. முதல் மூன்று பக்கம் எங்கள் தெருவுக்கு வரப்போகும் நல்ல காலம், நான்காவது பக்கம் தொகை. தெருவுக்கு அடியில் கிடக்கும் 150 மி.மீ. சாக்கடைக் குழாயை எடுத்துவிட்டு 200 மி.மீ. குழாய் பதிக்கப் போகிறார்களாம். அது முடிந்ததும் சாலையை அடியோடு பெயர்த்துப் புதிதாகப் போடுவார்களாம். செலவில் ஒரு பங்கு நகராட்சியுடையது, மீதி தெருவில் மனை வைத்திருப்பவர்களுடையது. மனையின் முகப்பு அகலத்தை அளந்து, மீட்டருக்கு இவ்வளவு என்று பிரித்திருக்கிறார்கள்.

என்னுடையது மூலை மனை. பதினோரு வருடம் முன்பு வாங்கும்போது "இரண்டு பக்கமும் காற்று, இரண்டு பக்கமும் வெளிச்சம்" என்று தரகர் சொன்னார். இரண்டு பக்கமும் பில் வரும் என்று சொல்லவில்லை. முன்பக்கம் 12 மீட்டர், பக்கவாட்டில் 24 மீட்டர், ஆக 36 மீட்டருக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். என் நான்கு மாதச் சம்பளம் போய்விடும். எதிரே எட்டு குடும்பம் இருக்கும் அடுக்ககம். அதன் முகப்பு 15 மீட்டர். தலைக்கு இரண்டு மீட்டர்கூட வரவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது மூன்றே பேர். சாக்கடையை யார் அதிகம் நிரப்புகிறார்கள் என்று சொல்ல இன்ஜினியர் வேண்டுமா?

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். பென்ஷனில் ஓடுகிறது வாழ்க்கை. அவருக்கு 9 மீட்டர். கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், "நான் இருக்கிற வரைக்கும் அந்தப் பழைய குழாய் தாங்காதாப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். என் வாசலுக்கு நேரே, மேன்ஹோல் மூடியிலிருந்து நான்கு எட்டு தள்ளி ஒரு பள்ளம் இருக்கிறது. மூன்று வருடத்தில் மூன்று தடவை ஒட்டுப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது ஒட்டுப் போட்ட அன்று, காய்ந்ததும் அதன் மேல் வெள்ளை பெயின்டால் தேதி எழுதிவைத்தேன். ஐந்தாவது மாதம் தேதியோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிட்டது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு பள்ளத்தையே ஒழுங்காக மூடத் தெரியாதவர்களிடம் தெரு முழுவதையும் கொடுத்துக் கூடவே பணமும் கொடு என்றால் கோபம் வராதா?

மூன்று வாரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். என் கேள்விகள் இவ்வளவுதான். சொத்து வரி கட்டுகிறேன், சாக்கடைக்கு மாதக் கட்டணம் தனியாகக் கட்டுகிறேன். அதற்கு மேல் இது என்ன? சாலையையும் சாக்கடையையும் ஒரே பில்லில் சேர்ப்பது சரியா? மூலை மனைக்காரன் இரண்டு மடங்கு பாவம் செய்தவனா?

*

பழைய ஓவர்சியர் எழுதியது:

தம்பி, உன் பில்லை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பள்ளம்.

பள்ளத்தின் ஓரத்தில் தார் வலைவலையாக, முதலைத் தோல் மாதிரி வெடித்திருக்கிறதா? இல்லை, மேல்பரப்பு பெரிதாக வெடிக்காமல் கிண்ணம் மாதிரி மொத்தமாக உள்வாங்கியிருக்கிறதா? நீ எழுதிய தேதி சிதையாமல் அப்படியே இறங்கியது என்றால் இரண்டாவது ரகம்தான். முதல் ரகம் சாலையின் நோய், இரண்டாவது குழாயின் நோய். அடியில் குழாய் இணைப்பு விலகியிருக்கும். மழை பெய்து மண்ணில் நீர் ஏறும்போது அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் குழாய்க்குள் போகும். தண்ணீர் தனியாகப் போகாது, மணலையும் இழுத்துக்கொண்டு போகும். சாலைக்கு அடியில் பொந்து விழும். மேலே எத்தனை லோடு தார் கொட்டினாலும் பொந்து அதை விழுங்கும். ஒட்டுப் போட வந்தவன்மேல் கோபப்படாதே. மேலே கொட்டிவிட்டு வா என்று மட்டும்தான் அவனுக்கு உத்தரவு.

அதனால் சாலையும் சாக்கடையும் ஒரே வேலையாக வருவது உன் தெருவுக்கு நல்லது. சாலையைப் போட்டு இரண்டு வருடம் கழித்துக் குழாய்க்காக வெட்டிய தெருக்களில் நான் நின்றிருக்கிறேன். என்ன மூடினாலும் வெட்டுத் தழும்பு மறையாது, சாலையின் ஆயுளும் குறையும். ஆனால் வேலை ஒன்றாக நடந்தாலும் கணக்கு தனித்தனியாக இருக்க வேண்டும். குழாய்க்கு இவ்வளவு, சாலைக்கு இவ்வளவு, மழைநீர் வடிகாலுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கேள். குழிக்கு மேலே சாலையை மூடும் செலவை எதில் சேர்த்திருக்கிறார்கள் என்றும் கேள். அங்கேதான் பெரும்பாலும் விளையாட்டு நடக்கும்.

அடுத்தது, கேமரா படம். சின்னச் சக்கர வண்டியில் கேமராவை வைத்துக் குழாய்க்குள் ஓட்டியிருப்பார்கள், ஓட்டாமல் எஸ்டிமேட் போட்டிருக்கக் கூடாது. அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார். திரையின் மூலையில் மீட்டர் கணக்கு ஓடும். எங்கே வேர் தாடி மாதிரி தொங்குகிறது, எங்கே இணைப்பு படிக்கட்டு மாதிரி விலகி நிற்கிறது, எங்கே கேமரா தண்ணீருக்குள் முங்கி எழுகிறது என்று கவனி. முங்கி எழுந்தால் அங்கே குழாய் வயிறு தள்ளியிருக்கிறது, அதாவது தொய்ந்து கிடக்கிறது. நேரிலேயே பார்க்க ஆசைப்பட்டு மேன்ஹோல் மூடியை நீயே திறந்துவிடாதே. உள்ளே தேங்கும் வாயு ஆளைக் கொல்லும். அழுகிய முட்டை வாடை வரும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை போய்விட்டது என்று குனிந்தவன் எழுந்திருக்க மாட்டான்.

ஏன் இந்த ஆராய்ச்சி என்றால், தோண்டாமல் முடிக்கும் வழியும் இருக்கிறது. 1971இல் லண்டனில் எரிக் வுட் என்ற இன்ஜினியர் செய்து காட்டியது. பிசின் ஊறிய துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, விரியவைத்து, சூடேற்றி இறுகவிடுவார்கள். குழாய்க்குள் குழாய், இதை லைனிங் என்பார்கள். ஒவ்வொரு வீட்டு இணைப்பையும் உள்ளிருந்தே ஒரு சின்ன இயந்திரம் அறுத்துத் திறந்துவிடும். வேரும் விரிசலும் மட்டும்தான் பிரச்சினை என்றால் தெருவைக் கிழிக்காமலே வேலை முடியும். ஆனால் குழாய் தொய்ந்திருந்தால் லைனிங்கும் அதே தொய்வோடுதான் கிடக்கும். குழாயும் பெரிதாகாது, உள்சுற்று இம்மி குறையத்தான் செய்யும். பெரிதாக்கியே ஆகவேண்டும் என்றால் தோண்ட வேண்டும், அல்லது பழைய குழாயை உள்ளிருந்து உடைத்துக்கொண்டே அதே தடத்தில் புதியதை இழுக்க வேண்டும்.

பெரிதாக்கத்தான் வேண்டுமா என்பதையும் கேள். 150ஐ 200 ஆக்குவது கால்பங்கு, அரைப்பங்கு கூட்டுகிற வேலை இல்லை. அதே சரிவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீர் போகும். தெருவில் குடும்பம் இரண்டு மடங்கு ஆகிவிட்டதா? இல்லையென்றால் அந்தக் கூடுதல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மழைநீர்தான். மொட்டைமாடிக் குழாயைச் சாக்கடையில் சொருகியிருப்பார்கள். புகை விட்டுப் பார்த்தார்களா என்று கேள். மேன்ஹோலில் ஊதுகுழல் வைத்து, ஆபத்தில்லாத புகையை உள்ளே அடிப்பார்கள். யார் வீட்டு மழைக்குழாயில் புகை வருகிறதோ அந்த வீடு மாட்டும். தேவையில்லாமல் பெரிய குழாய் போட்டாலும் தொந்தரவுதான். தண்ணீர் நொடிக்கு 0.6 மீட்டராவது ஓடினால்தான் கசடைத் தள்ளிக்கொண்டு போகும். அகலமான குழாயில் கொஞ்சம் தண்ணீர் மெதுவாகப் போனால் கசடு படியும், நாலு வருடத்தில் அடைப்பு.

பணம் பற்றிக் கணக்கு அக்கா வந்து சொல்வார். அது அவர் பேட்டை.

*

கணக்கு அக்கா எழுதியது:

ஓவர்சியர் ஐயா கூப்பிட்டுவிட்டார், வராமல் இருக்க முடியுமா. இருபத்திரண்டு வருடம் ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கடிதம் மாதிரி நூறு கடிதத்தில் கடைசிப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவள் நான். திட்டுவதாக இருந்தால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள்.

சொத்து வரி ஊருக்கான பானை. தெருவிளக்கு, நூலகம், தீயணைப்பு எல்லாம் அதிலிருந்துதான். எந்தத் தெருவில் பள்ளம் இருந்தாலும் அந்தப் பானையிலிருந்து எடுக்கலாம், ஆனால் எல்லோரும் ஒரே கரண்டிக்கு அடித்துக்கொள்வார்கள். சாக்கடைக் கட்டணம் தனிப் பானை, அதிலிருந்து வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்று பல ஊர்களில் விதியே உண்டு. உங்களுக்கு வந்திருப்பது மூன்றாவது வகை. இந்த வேலையால் யார் மனைக்குத் தனியாகப் பலன் கூடுகிறதோ அவர்களிடம் தனியாக வாங்குவது. இதன் அடிப்படை 'பலன்' என்ற ஒரே சொல்தான். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒஹாயோவில் நார்வுட் என்ற சிற்றூர், ஒரு அம்மாவின் நிலத்துக்கு நடுவே தெருவைத் திறந்துவிட்டு, நிலத்துக்கு ஈடாக அவருக்குக் கொடுத்த பணத்தையும் வழக்குச் செலவையும் முகப்பு அளவை வைத்து அவர் தலையிலேயே கட்டியது. கிடைத்த பலனைவிட மிக அதிகமாக வாங்கினால் அது சொத்தைப் பறிப்பதற்குச் சமம் என்று 1898இல் தீர்ப்பு வந்தது. உங்களைப் போன்றவர்கள் அன்று கைதட்டியிருப்பார்கள். மூன்றே வருடம், 1901இல் கன்சாஸ் சிட்டி சாலை வழக்கில் அதே நீதிமன்றம் முகப்பு அகலத்தை வைத்துப் பிரிப்பது செல்லும் என்று சொல்லிவிட்டது. அதனால் 'முகப்புக் கணக்கே அநியாயம்' என்று கூட்டத்தில் எழுந்து கத்தாதீர்கள், எடுபடாது. 'என் 24 மீட்டர் பக்கவாட்டால் எனக்கு என்ன பலன் கூடுகிறது, காட்டுங்கள்' என்று கேளுங்கள். மூலை மனையின் நீண்ட பக்கத்தைக் கணக்கில் விடுவது, அல்லது அதில் ஒரு பகுதியை மட்டும் சேர்ப்பது பல நகரங்களில் உள்ள வழக்கம்தான். புதிதாக ஒன்றும் நீங்கள் கேட்கவில்லை.

சாக்கடைக்கு முகப்பு அளவுகோலே பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். சாலை முகப்பை ஒட்டி ஓடுகிறது, சரி. குழாய்க்கு வீட்டின் அகலம் தெரியாது, இணைப்புதான் தெரியும். சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் 1990களின் இறுதியில் பாதாள சாக்கடை கொண்டுவந்தபோது வேலை தொடங்கும் முன்பே மக்களிடம் இணைப்புக்கு இவ்வளவு என்று வைப்புத்தொகை வாங்கினார்கள். வீட்டுக்கு ஒரு தொகை, வணிகக் கட்டடத்துக்கு வேறு தொகை. குடியிருப்போர் சங்கங்கள் முன்நின்று பேசித் திரட்டிக் கொடுத்தன. சாக்கடைத் திட்டத்துக்கு மக்கள் பணம் தரமாட்டார்கள் என்று யாராவது அளந்தால் நான் எடுத்துக்காட்டுவது அதைத்தான்.

ஒரேயடியாகக் கட்டச் சொன்னார்களா, தவணையா என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் முக்கியம். குழாய் ஐம்பது வருடத்துக்கு மேல் கிடக்கும். அதற்கான பணத்தை இந்த வருடம் இங்கே குடியிருப்பவர் மட்டும் ஏன் கட்ட வேண்டும்? 1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி நாறி, கரையில் இருந்த நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிடும் நிலை வந்தது. உறுப்பினர்களின் மூக்கு வரை வந்ததும் சட்டம் மளமளவென்று நிறைவேறியது. பேசல்ஜெட் என்ற இன்ஜினியர் கட்டிய லண்டன் சாக்கடைக்கு முப்பது லட்சம் பவுண்டு வரை கடன் வாங்க அனுமதி கொடுத்து, வீட்டு வரியோடு சேர்த்துப் பல வருடம் வசூலித்து அடைத்தார்கள். இன்றைக்கும் அது ஓடுகிறது. நீண்ட நாள் உழைக்கும் பொருளுக்குக் கடன் வாங்குவது தப்பே இல்லை. பள்ளத்துக்கு ஒட்டுப் போடக் கடன் வாங்கினால்தான் தப்பு, கடன் முடியும் முன் ஒட்டு போய்விடும். உங்கள் பெயின்ட் தேதி மாதிரி.

பாட்டி விஷயம். மின்னசோட்டா மாநிலத்தில் 65 வயது தாண்டி, கட்டச் சிரமப்படும் வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொகையை ஒத்திவைக்க நகராட்சிகளுக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. வீடு கைமாறும்போது வட்டியோடு வாங்கிக்கொள்வார்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பிரிவு இருக்கலாம், கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் பாருங்கள். நான் அதை எப்போதும் மூன்றாம் பக்கத்தில்தான் போடுவேன், அங்கே யாரும் படிப்பதில்லை.

*

எட்டாவது மாடி எழுதியது:

வேறு தெருவில் இதே மாதிரி எட்டு குடும்பம் இருக்கும் அடுக்ககத்துக்காரன் பேசுகிறேன், கல் எறியாதீர்கள்.

மூலைவீட்டு அண்ணே, எட்டு குடும்பம் 15 மீட்டரில் இருப்பது எங்கள் குற்றமா? உங்கள் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எட்டு குடும்பத்துக்கு நகராட்சி 15 மீட்டர் குழாயும் 15 மீட்டர் சாலையும் போட்டால் போதும். உங்கள் ஒரு குடும்பத்துக்கு 36 மீட்டர் போட வேண்டியிருக்கிறது. தள்ளித்தள்ளி வீடு கட்டியவர்களால்தான் தெருவே நீளமாகிறது. தண்ணீர் அதிகம் விடுகிறோம் என்றால் அது உண்மை, அதற்குத்தான் எட்டு குடும்பமும் மாதம் எட்டு சாக்கடைக் கட்டணம் கட்டுகிறோம். சாக்கடைக்குக் கணக்கு அக்கா சொன்னமாதிரி இணைப்புக் கணக்குப் போடுங்கள், எங்கள் பங்கு ஏறும், கட்டுகிறோம். சாலைக்கும் தலைக்கணக்கு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. எங்கள் எட்டு கார்தான் சாலையைத் தேய்க்கிறது என்று எங்கள் தெருக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளைச் சுற்றிச்சுற்றி ஓட்டி ஒரு பெரிய சோதனை செய்தார்கள். அச்சில் ஏறும் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு என்பது அதிலிருந்து வந்த கணக்கு. சுமை பத்து மடங்கானால் பத்தாயிரம் மடங்கு. குடியிருப்புத் தெருவில் அப்படிக் கனமாக வருவது யார்? குப்பை லாரியும், வீடு கட்டுபவர்களுக்கு வரும் ஜல்லி லாரியும். வாரம் இரண்டு தடவை வரும் குப்பை லாரி தெருவில் உள்ள எல்லாக் காரையும்விட அதிகம் தின்கிறது. அந்தப் பங்கைக் குப்பைக் கட்டணத்தில் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறீர்களா?

ஜெர்மனியில் பவேரியா மாநிலம் 2018இல் தெருப் புதுப்பிப்புக்கு வீட்டுக்காரர்களிடம் வாங்குவதையே நிறுத்திவிட்டது. கையெழுத்து இயக்கம் நடத்தி நிறுத்தவைத்தார்கள். அதுதான் வழி என்பேன்.

*

கணக்கு அக்கா எழுதியது:

எட்டாவது மாடித் தம்பி, பவேரியாக்காரர்கள் நிறுத்தியதும் சாலை இலவசமாகிவிடவில்லை. மாநிலக் கஜானாவிலிருந்து ஊராட்சிகளுக்குப் பணம் போகிறது, அதுவும் வரிதான். சொந்த வீடு இல்லாதவர் கட்டும் வரியும் அதில் இருக்கிறது. தெருக்காரன் கட்டினாலும் ஒருவனுக்கு இடி, ஊரே கட்டினாலும் முன்வரிசையில் கத்துகிற தெருவுக்குத்தான் முதலில் சாலை. நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். மெல்லப் பேசுகிறவர்கள் இருக்கும் தெரு இரண்டாவது முறையில் வருடக்கணக்காகக் காத்திருந்தது.

குப்பை லாரி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. என் காலத்தில் அந்தக் கோப்பை ஒருமுறை மேலே அனுப்பினேன். இன்னும் மேலேயே இருக்கிறது.

*

மூலைவீட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாக ஒன்றும் எழுதவில்லை, காரணம் இருக்கிறது.

ஓவர்சியர் ஐயா சொன்னபடி கேமரா படத்தைக் கேட்டு மனு கொடுத்தேன். முதலில் இல்லை என்றார்கள், பிறகு தேடுகிறோம் என்றார்கள், பிறகு ஒரு பையன் பென் டிரைவ் கொண்டுவரச் சொன்னான். நாற்பது நிமிடப் படம். என் மனைவி, "டிவியில் சாக்கடை பார்க்கிற வீடு நம் வீடு மட்டும்தான்" என்றாள். 31 மீட்டரில் வேர். ஐயா, தாடி என்று நீங்கள் சொன்னபோது மிகை என்று நினைத்தேன். குழாயின் பாதியை அடைத்துக்கொண்டு, நுனியில் என்னென்னமோ தொங்க, தண்ணீரோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. 38 மீட்டரில் இணைப்பு விரலளவு விலகி, அந்த இடுக்கில் மஞ்சள் மணல் தெரிகிறது. வாசலில் டேப் பிடித்து அளந்தேன். பள்ளத்துக்கு நேர் அடியில். 52 மீட்டரிலிருந்து கேமரா தண்ணீருக்குள் போய் 58இல்தான் வெளியே வருகிறது. ஆக லைனிங் வேலைக்காகாது, தோண்டத்தான் வேண்டும் என்று எனக்கே புரிந்துவிட்டது. சண்டை போடத் தயாராகப் போனவனுக்கு இது பெரிய ஏமாற்றம்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று. புகை விட்டுப் பார்த்தீர்களா என்று அந்த அலுவலகத்தில் கம்பீரமாகக் கேட்டேன். விட்டோம் என்று ஒரு பட்டியலை நீட்டினார்கள். தெருவில் ஏழு வீட்டு மழைக்குழாய் சாக்கடையில் போகிறது. ஐந்தாவது வரியில் என் கதவு எண்.

நம்பவில்லை. வீட்டுக்கு வந்து துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து மொட்டைமாடித் தூம்பில் ஊற்றினேன். மகன் கீழே கொல்லைப்புறச் சாக்கடைத் தொட்டியின் மூடியைத் திறந்துவைத்து நின்றான். அது வீட்டுக்குள் இருக்கும் ஒரு முழ ஆழத் தொட்டி, ஐயா பயப்பட வேண்டாம். அரை நிமிடத்தில் "அப்பா, நீலம்!" என்று கத்தினான். முந்தைய உரிமையாளர் செய்த வேலை. ஆனால் பதினோரு மழைக்காலம் என் கூரைத் தண்ணீர்தான் அந்தக் குழாயை நிரப்பியிருக்கிறது, அடுக்ககம் இல்லை. பட்டியலில் அடுக்ககத்தின் எண் இல்லவே இல்லை. எட்டாவது மாடித் தம்பி வேறு தெருவில் இருந்தாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

*

பழைய ஓவர்சியர் எழுதியது:

நீலம் போட்டுப் பார்த்தாய் பார், அதற்கே உனக்கு வேலை கொடுத்திருப்பேன்.

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. உன் வீட்டிலிருந்து தெருக்குழாய் வரை போகும் துண்டு யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்கு. பல ஊரில் அது வீட்டுக்காரன் சொத்து. வேர் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் நுழையும். தெருக்குழாயைப் புதிதாக்கிவிட்டு அந்தத் துண்டைப் பழையதாகவே விட்டால் வேர் மறுபடி வரும். குழி திறந்திருக்கும்போதே மாற்றினால் செலவு கொஞ்சம்தான், பிறகு தனியாகத் தோண்டினால் இன்னொரு பில்.

இரண்டாவது, குழியை மூடும் நாளில் லீவு போட்டுவிட்டு வாசலில் நில். மண்ணை ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்துக்குப் பரப்பி, இடித்து இறுக்கி, அதன் மேல் அடுத்த அடுக்கு போட வேண்டும். இரண்டரை மீட்டர் குழியை ஒரே மூச்சில் நிரப்பி மேலே பொக்லைனை நாலு தடவை ஓட்டினால் அடுத்த மழையில் புதுச் சாலை இறங்கும். எந்த ஒப்பந்தத்திலும் இது எழுதியிருக்கும், நடக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் இருக்காது. நீ பார். ஒன்றும் பேச வேண்டாம், கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நின்றால் போதும்.

*

மூலைவீட்டுக்காரன் எழுதியது:

கூட்டம் நேற்று முடிந்தது. அறுபது பேர் வந்தோம், நாற்காலி முப்பது.

முகப்புக் கணக்கே அநியாயம் என்று இரண்டு பேர் கத்தினார்கள். அதிகாரி தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்ளவே இல்லை. என் முறை வந்தபோது அக்கா சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். பக்கவாட்டுத் தெருவில் எனக்கு வாசலும் இல்லை, சாக்கடை இணைப்பும் இல்லை, 24 மீட்டருக்கு என்ன பலன் என்று. எழுதிக்கொண்டார். நீண்ட பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கணக்கில் சேர்ப்பது பற்றிப் பரிசீலிக்கிறார்களாம். அப்படியானால் 36 மீட்டர் 20 ஆகும். சாக்கடைப் பகுதியைத் தனியாகப் பிரித்து இணைப்புக் கணக்கில் போட நகர்மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்றார். எதிர் அடுக்ககத்துச் சங்கச் செயலாளரே எழுந்து அதற்கு ஆதரவாகப் பேசினார், நான் எதிர்பார்க்கவில்லை. பத்து வருடத் தவணை உண்டு, வட்டி கொஞ்சம் அதிகம். குப்பை லாரியைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார்கள்.

பாட்டிக்கு ஒத்திவைப்பு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரிவு இருக்கிறது, அக்கா சொன்ன அதே மூன்றாம் பக்கத்தில், அடிக்குறிப்பாக. கையெழுத்துப் போடும்போது, "நான் போன பிறகு என் மகன் கட்ட வேண்டுமா?" என்றார். வீட்டை விற்றாலோ பெயர் மாற்றினாலோ கட்ட வேண்டும் என்றேன். "அவனுக்கும் கொஞ்சம் தெரியட்டும்" என்று போட்டுவிட்டார்.

மழைக்குழாயைச் சனிக்கிழமை அறுத்துத் தோட்டத்துப் பக்கம் திருப்பியாயிற்று. வேலை தொடங்க இன்னும் எட்டு மாதமாவது ஆகுமாம். அதுவரை தாங்க வேண்டும் என்று இன்று காலை பள்ளத்துக்கு நான்காவது ஒட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். இன்னும் சூடாக இருக்கிறது. சாயங்காலம் பெயின்ட் டப்பாவை எடுக்க வேண்டும்.